ஆத்தங்குடிக் கல்லும் ஊதுகுழலும்

காரைக்குடிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், அடுத்தபடியாக நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பார்த்தாயா? பர்மாத் தேக்குத் தூணைக் கட்டிப் பிடித்து அளந்தாயா? கந்தரப்பம் தின்றாயா?" மூன்றுக்கும் பதில், ஆம். ஆனால் அவற்றைப் பற்றி எழுத நான் இப்போது உட்காரவில்லை. அந்த ஊரில் ஒன்றரை நாள் நான் உட்கார்ந்திருந்த இடம், புறவழிச் சாலை ஓரத்தில், வேப்ப மரத்தடியில் இருக்கும் ஒரு மோட்டார்ப் பட்டறை.

முகத்தைச் சுளிக்காதீர்கள். கிரீஸும் கரியுமாக இருக்கும் இடத்தில் நமக்கு என்ன வேலை என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு பார்த்தால், அங்கே நடந்த பேச்செல்லாம் அடுப்பு, ஊதுகுழல், தையல் மிஷின், காப்பி ஆற்றுவது என்று நம்முடைய சமாசாரமாகவே இருந்தது!

விஷயம் கல்லில் ஆரம்பிக்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கோலம் போட்டாற்போல் கிடக்குமே, அந்த ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சூளையில் வைத்துச் சுடுவதில்லை. கண்ணாடிச் சதுரத்தின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, வர்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். வெள்ளைப் பணியாரம் ஊற்றுகிற நிதானம் வேண்டும் அதற்கு. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும், அதற்குமேல் ஈரக் கலவை. பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுக் காயவைத்தால், கண்ணாடி கழன்று வருகிறது. கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம் கண்ணாடியைப் போலவே பளபளக்கிறது. எங்கள் வீட்டு முன்கூடத்துக்கு அந்தக் கல்தான் வேண்டும் என்று பல வருஷமாகப் பிடிவாதம் பிடித்து, கடைசியில் சம்மதமும் வாங்கிவிட்டேன்.

பத்து அடிக்குப் பன்னிரண்டு அடிக் கூடம். எட்டு அங்குலச் சதுரக் கல் 270 வேண்டும். ஒரு கல் ஒன்றே முக்கால் கிலோ என்று வைத்தாலும், மொத்தம் 470 கிலோவுக்கு மேல் ஆகிறது. இதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வர முடியுமா? கல் வியாபாரி ஒரு பிக்-அப் வண்டிக்காரரைச் சொன்னார். "வண்டி பட்டறையில் நிற்கிறது. நாளைக்கு வந்துவிடும்" என்றார். மோட்டார்ப் பட்டறையில் 'நாளைக்கு' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவள் ஆகையால், நேரே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

முன்மூடி திறந்தபடி நின்றது பிக்-அப். பத்து வருஷத்து வண்டி, டீசல். பக்கத்தில் சொந்தக்காரத் தம்பி. வயது முப்பதுக்குள் இருக்கும். கையில் செல்போன். அவர் எதிரே நாற்காலியில், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மேஸ்திரி. அறுபத்தைந்தைத் தாண்டியவர். இரண்டு பேருக்கும் வாக்குவாதம்.

தம்பியின் வழக்கு இது. கொடைக்கானலில் கட்டுகிற ஒரு வீட்டுக்கு ஆத்தங்குடிக் கல் கொண்டுபோய்க் கொடுக்கப் பேசியிருக்கிறார். போன தடவை வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் ஏறியபோது, வண்டி திணறிக் கரும்புகை கக்கி நின்றேவிட்டது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹார்ன் அடித்து மானத்தை வாங்கிவிட்டன. பாதிக் கல்லைச் சாலை ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டு, மீதியைக் கொண்டுபோய்ப் போட்டுத் திரும்பி வந்து ஏற்றினாராம். "என்ஜினுக்குச் சக்தி பத்தலை மேஸ்திரி. சூப்பர்சார்ஜர் போட்டுக் கொடுங்க. இல்லாட்டி கம்ப்யூட்டரைச் சொருகி ட்யூனிங் பண்ணுவாங்களாமே, அதையாவது பண்ணுங்க" என்று செல்போனை நீட்டினார். அதில் ஓர் அமெரிக்கப் பிக்-அப் சக்கரத்தைத் தேய்த்துப் புகை கிளப்பிக்கொண்டிருந்தது.

பணம்? அது வேப்ப மரத்தடியில் நின்றது. தம்பியின் மனைவி, டிபன் கேரியரும் கையுமாக. கழுத்தில் இரண்டு பவுன் சங்கிலி. அவள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் கை அடிக்கடி சங்கிலிக்குப் போய் வந்தது. அடகுக் கடைக்குப் போகிற நாள் குறித்தாகிவிட்டது என்று அதிலேயே புரிந்துகொண்டேன்.

சூப்பர்சார்ஜர் என்றால் என்ன என்று மேஸ்திரியைக் கேட்டேன். அவர் சிரித்தார். "ஊதுகுழல்தான் அம்மா" என்றார்.

இதற்குமேல் நமக்கு என்ன விளக்கம் வேண்டும்? விறகடுப்பில் எத்தனை விறகைத் திணித்தாலும், காற்று இல்லாவிட்டால் புகைதானே? குழலை எடுத்து ஊதினால் குப்பென்று பற்றிக்கொள்கிறது. மோட்டார் என்ஜினும் அப்படித்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் ஒழுங்காக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். பட்டணத்தில் நம் வாசலில் வந்து நிற்கிற தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொட்டி நிறையக் காற்று, ஒரு லிட்டருக்கு! சாதாரண என்ஜின் இந்தக் காற்றைத் தானே மூச்சு இழுத்துக்கொள்கிறது. ஊதி உள்ளே திணித்தால் அதே என்ஜினில் அதிக எண்ணெயை எரிக்கலாம். அதிக சக்தி கிடைக்கும். திணிக்கிற யந்திரத்தை என்ஜினே பெல்ட்டுப் போட்டுச் சுற்றினால் அது சூப்பர்சார்ஜர். வெளியே போகிற புகையின் வேகத்தில் சுற்ற வைத்தால் அது டர்போ. அமெரிக்காவில் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் 1860-ல் செய்த ஊதி, முதலில் உலைகளுக்குத்தான் உதவியது. மோட்டாரில் ஏறியது பிற்பாடு. டர்போ, சுவிட்ஜர்லாந்துக்காரர் ஆல்பிரட் பியூக்கியின் யோசனை. 1905-ல் அதற்குப் பேட்டெண்ட் பெற்றார்.

தம்பியின் செல்போனில் ஓடிய அமெரிக்க வண்டியும் பொய்யில்லை. ஃபோர்டு கம்பெனி 1999-லிருந்து 2004 வரை 'லைட்னிங்' என்ற பிக்-அப்பில் சூப்பர்சார்ஜர் வைத்தே விற்றது. எட்டு சிலிண்டர், 5.4 லிட்டர் பெட்ரோல் என்ஜின். ஆரம்பத்தில் 360 குதிரைச் சக்தி, 2001-லிருந்து 380. நம் ஊர்ப் பிக்-அப்புகள் பலவற்றில் எழுபது, எண்பதுதான்! அதுவும் போதாதென்று, அதை வாங்கியவர்கள் ஊதியின் பெல்ட்டுச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சின்னச் சக்கரம் மாட்டினார்கள். ஏன் சின்னது? நம் கால் தையல் மிஷினைப் பாருங்கள். கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம். காலால் ஒரு மிதி மிதித்தால் மேலே சக்கரம் பல சுற்றுச் சுற்றிவிடுகிறது. மேல் சக்கரம் இன்னும் சின்னதானால் ஊசி இன்னும் வேகமாகப் பறக்கும். ஊதியும் அப்படியே.

"சரி, அப்போ போடலாமே?" என்றார் தம்பி, எனக்குப் புரிந்துவிட்டதில் அவருக்கே வெற்றி போல.

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

இந்தப் பக்கத்துக்கு மோட்டார் ஒன்றும் புதிதல்ல. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1912-ல் மதுரையில் பஸ் விடத் தொடங்கினார். அவருடைய பழைய தடங்களில் ஒன்று மதுரையிலிருந்து தேவகோட்டைக்கு. கோனாபட்டும் கானாடுகாத்தானும் மாட்டு வண்டிப் பாதையாக இருந்த நாளிலேயே, செட்டிமார் வீட்டு முகப்புகளில் சீமைக் கார்கள் நின்றன. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது பஸ்களின் முதுகில் கரி அடுப்பை ஏற்றினார்கள். 'காஸ் பிளாண்ட்' என்று பேர், டி.வி.எஸ். கம்பெனியாரும் செய்து கொடுத்தார்கள். மேஸ்திரியின் அப்பா அப்படி ஒரு பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்தாராம். மீசை முளைக்காத வயசு.

"காலையில பஸ் கிளம்பணும்னா எங்கப்பா கோழி கூவ எழுந்திரிக்கணும். கரியைப் போட்டு, கையால சுத்தற ஊதியைப் பிடிச்சு அரை மணி சுத்தணும். அடுப்புப் பத்தி காஸ் வந்தாத்தான் என்ஜின் பேசும்" என்றார் மேஸ்திரி.

அந்தக் காஸ் ஏழை காஸ். கரி அரைகுறைக் காற்றில் எரிந்து உண்டாகிற கார்பன் மோனாக்ஸைடுதான் அதில் எரிகிற பண்டம். ஏறக்குறையப் பாதி, ஒன்றுக்கும் உதவாத நைட்ரஜன். பெட்ரோலில் ஓடியபோது இருந்த சக்தியில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். மேடு வந்தால் ஆண்கள் எல்லாம் இறங்கி நடப்பார்களாம்; சில சமயம் தள்ளுவார்களாம். இழந்த சக்தியை மீட்க மெக்கானிக்குகள் படாத பாடு பட்டார்கள். தீப்பொறி விழுகிற நேரத்தை முன்னுக்குத் தள்ளினார்கள். காற்றும் காஸும் இன்னும் இறுக அமுங்கும்படி சிலிண்டர்த் தலையைச் செதுக்கினார்கள். குழாய் ஒழுகினால் நாற்றமே இல்லாத விஷவாயு. மூடின கொட்டகையில் மயங்கி விழுந்தவர்களும் உண்டு. "சக்தி வேணும்னு எதைத் தொட்டாலும், அது இன்னொண்ணைக் கேட்கும். எங்கப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

தம்பி விடுவாரா? "மலைமேலே காற்றே மெலிசா இருக்கு மேஸ்திரி. அதனாலதானே திணறுது?" என்றார்.

அதில் நியாயம் இருந்தது. கொடைக்கானல் சுமார் 7,000 அடி. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இந்தக் கஷ்டம் மோட்டார்க்காரர்களைவிட ஆகாய விமானக்காரர்களுக்குத்தான் அதிகம். 18,000 அடியில் காற்றின் அழுத்தம் பாதியாகிவிடும். யுத்தகால விமானங்களில் சூப்பர்சார்ஜர் ஆபரணம் அல்ல, அவசியம். காரைக்குடிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இன்று அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கும் வளாகத்துக்கும், 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் நிலமும் பணமும் அள்ளிக் கொடுத்த டாக்டர் அழகப்பச் செட்டியார், விமானம் ஓட்டக் கற்றவர். ஜூபிடர் ஏர்வேஸ் என்று சொந்த விமானக் கம்பெனியே நடத்தினார். யுத்தம் முடிந்து மலிவாகக் கிடைத்த டக்கோட்டா விமானங்களின் காலம் அது. டக்கோட்டாவின் இரண்டு என்ஜின்களும் தலைக்குப் பதினாலு சிலிண்டர், 1,200 குதிரைச் சக்தி. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பல்சக்கரத்தால் சுற்றும் ஓர் ஊதி. என்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் அது ஏழு சுற்றுக்கு மேல். காலேஜைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வராத அந்தப் பெயரோடு இப்படி ஒரு யந்திரமும் சேர்ந்திருக்கிறது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"விமானத்துல வெச்சான். சரி. அதுக்குத் தக்க என்ஜினைக் கட்டி வெச்சான்" என்று மேஸ்திரி எழுந்தார். அப்புறம்தான் விரல் மடக்கினார்.

காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும். சூடான காற்றை அப்படியே விட்டால் பலன் குறையும். நடுவில் ஆற்றித்தான் அனுப்ப வேண்டும், டபராவில் காப்பியை ஆற்றுவது போல். அதற்கு ஒரு தனி ரேடியேட்டர். பெட்ரோல் வண்டியானால், சூடு அதிகமாகி எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி உள்ளே தாறுமாறாக வெடிக்கும், பிஸ்டன் ஓட்டையாகும். டீசல் வண்டியில் கம்ப்யூட்டரைச் சொருகி எண்ணெயை மட்டும் கூட்டிவிட்டால், காற்றுப் போதாமல் கரும்புகையும் அடங்காத சூடும்தான் மிச்சம். அதைத் தாங்கினால் கிளட்ச் வழுக்கும். அதை மாற்றினால் கியர்ப் பெட்டி முனகும்.

"எல்லாம் மாத்தியாச்சுன்னு வெச்சுக்க. இன்னும் அரை டன் கூட ஏத்துவே. ஏறிடுவே. இறங்கறப்போ?" என்று கேட்டார்.

தம்பி பேசவில்லை.

"ஏத்தத்துக்கு என்ஜின் இருக்கு தம்பி. இறக்கத்துக்கு அந்தப் பிரேக்குதான் இருக்கு. அதை யாரும் போன்ல காட்டலையா?"

சட்டமும் இருக்கிறது. கம்பெனி விவரப்படி ஆர்.சி.யில் பதிந்திருப்பதற்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதிப்படுத்தியது. விபத்து என்று வந்தால் இன்ஷ்யூரன்ஸ்காரர் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். வீட்டில் உலை வைக்கிறவளுக்கு இந்தப் பிரிவு நம்பர் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஆர்.சி. புத்தகம் அரிசி டப்பாவைப் போல முக்கியம் என்பது வண்டிக்காரர் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். "ஏன் மேஸ்திரி, இந்த வண்டி வாங்கினப்போ இதே மலைதானே ஏறிச்சு? இவ்வளவு கல்லோடதானே?"

மேஸ்திரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "நீ சொன்னதுதான் ஆத்தா கேள்வி" என்றார்.

அந்த வண்டியில் ஊதுகுழல் ஏற்கெனவே இருந்தது! டீசல் பிக்-அப் ஆகையால் கம்பெனியே டர்போ வைத்துத்தான் அனுப்பியிருக்கிறது. உள்ளங்கை அளவுச் சக்கரம். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்குமேல் சுற்றுகிற சூரப்புலி. அது ஊதுகிற காற்று எங்கே போகிறது என்று பார்க்க வேண்டியதுதானே?

முதலில் ஏர் பில்ட்டர் டப்பாவைத் திறந்தார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். தினம் கல் பட்டறைக்குள் போய் வருகிற வண்டி அல்லவா? சிமெண்டுத் தூளும் மணலும் அப்பி, சலிக்காத மாவுச் சல்லடை போல் அடைத்துக் கிடந்தது. தட்டினார், ஒரு படி புழுதி விழுந்தது. பிறகு டர்போவிலிருந்து கிளம்பும் ரப்பர்க் குழாயை அடைத்துக் கட்டி, கம்ப்ரஸரிலிருந்து காற்று விட்டு, பையனைச் சோப்பு நுரை கொண்டுவரச் சொன்னார். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்க்கிற அதே வித்தை. குழாய் நெடுகிலும் நுரை பூசினான். வளைவுக்கு அடிப்பக்கத்தில், கண்ணுக்கே தெரியாத மடிப்பில், பொரபொரவென்று நுரை பொங்கியது. சுண்டுவிரல் நீளம் கிழிசல். பக்கத்து இறுக்கிப் பட்டையும் தளர்ந்திருந்தது.

மேடேறும்போது டர்போ உயிரைக் கொடுத்து ஊதிய காற்று முழுவதும், என்ஜினுக்குப் போகாமல் அந்தக் கிழிசல் வழியே சாலைக்குப் போயிருக்கிறது. காற்று இல்லாத அடுப்பில் விறகு, அதுதான் கரும்புகை.

இதைப் பார்த்தபோது எனக்கு ஒரு சீமைப் பெண்ணின் ஞாபகம் வந்தது. பியாட்ரிஸ் ஷில்லிங் என்று பேர். 1934-ல் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 100 மைலுக்குமேல் ஓட்டிப் பந்தய வீரர்களைத் திகைக்க வைத்த என்ஜினீயர். யுத்தத்தில் பிரிட்டிஷ் ஸ்பிட்பயர் விமானத்தின் பிரமாதமான சூப்பர்சார்ஜர் என்ஜின், விமானி மூக்கைத் தடாலென்று கீழே சாய்த்தால் பெட்ரோல் சிதறித் தடுமாறி நின்றுபோனது. பெரிய மூளைகள் எல்லாம் புது கார்புரேட்டருக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்க, 1941-ல் இந்த அம்மாள் நடுவில் துளையிட்ட ஒரு சின்னப் பித்தளை வளையத்தைப் பெட்ரோல் குழாயில் செருகச் சொன்னார். பெரும்பாலும் சரியாகிவிட்டது. விமானத் தளம் தளமாகத் தானே போய் மாட்டியும் கொடுத்தார்.

புதுக் குழாய் மதுரையிலிருந்து மறுநாள் பஸ்ஸில் வந்தது. ஆகவேதான் ஒன்றரை நாள். அதற்குள் பிரேக்கையும் கழற்றிப் பார்த்தார் மேஸ்திரி. பட்டைகள் தேய்ந்து காகிதமாக இருந்தன. அவற்றை மாற்றின செலவுதான் குழாயையும் பில்ட்டரையும்விட அதிகம். அந்தப் பெண் டிபன் கேரியரைத் திறந்து எல்லோருக்கும் சீயம் கொடுத்தாள். சங்கிலி கழுத்தில்தான் இருந்தது. பட்டறையில் இருந்த மூன்று பையன்களும் அவளைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. அல்லது சீயத்தைப் பார்த்திருக்கலாம்.

மறுநாள் மாலை கல்லை ஏற்றிக்கொண்டு, குன்றக்குடிப் பக்கம் ஒரு நடை ஓட்டிக் காட்டினார் தம்பி. நானும் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு மேட்டில் மிதித்தார். மெல்லிசாக ஒரு விசில் சத்தம். வண்டி முதுகில் கை வைத்துத் தள்ளினாற்போல் முன்னே போயிற்று. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். புகை இல்லை.

"முந்தி இப்படித்தான் போகும் அக்கா. கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சதால எனக்கே தெரியலை" என்றார். கொஞ்ச தூரம் போய், "இருந்தாலும் அந்த அமெரிக்க வண்டி…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கொடைக்கானல் கல்லை ஒரே நடையில் கொண்டுபோவதில்லை, பர்மிட் எடைக்குள் இரண்டு நடையாகப் போவது என்று முடிவாயிற்று. டீசல் செலவை யார் கொடுப்பது என்பதில் அந்த வீட்டுக்காரரோடு இன்னும் பேச்சு நடக்கிறதாம்.

என் 270 கல்லும் சென்னை வந்து சேர்ந்தன. இரண்டுதான் உடைந்தன. வண்டியில் அல்ல, எங்கள் மாடிப்படியில். அதில் ஒன்று என் கையால்.